ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டால் கால் இன்னும் குளிரும், தெரியுமா?

ஐரோப்பாவின் ஜனவரிக் காலையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு எப்போதும் ஒரே புலம்பல்: கால்விரல் மரத்துவிட்டது! உடம்பு முழுக்க வியர்க்க, விரல் மட்டும் ஏன் விறைக்கிறது? நடக்கும்போது பாதம் மடங்கி நிமிரும். சைக்கிளிலோ தொடையும் கெண்டைக்காலும் உழைக்க, பாதம் ஷூவுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சும்மா இருப்பவரைத்தானே குளிர் முதலில் பிடிக்கும்! இலை அசையாத நாளில்கூட மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதே வேகத்தில் எதிர்காற்று முகத்தில் அறையும். பந்தய ஷூவில் கோடைக்கென்று போட்ட காற்றுத் துளைகள் வேறு.

சரி, ரெண்டு ஜோடி மாட்டிக்கொள்வோம் என்கிறீர்களா? மாட்டினீர்கள்! சூட்டைக் காப்பது துணியே இல்லை, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. இறுக்கமான ஷூவுக்குள் ரெண்டைத் திணித்தால் காற்றுக்கு இடமில்லை, ரத்தமும் நெரிபடும். தடித்த சாக்ஸ்தான் வேண்டுமா, ஷூவும் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். சாக்ஸையும் ஷூவையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து, உள்ளே விரல்களை ஆட்ட முடிகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

பருத்தி சாக்ஸா? நம்ம ஊர் வெயிலுக்குச் சரி. பனியில் அது காலில் கட்டிய மண்பானை! இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள். குளிர்காலத்திலும் அவற்றுக்கு லீவு கிடையாது. வியர்வையைக் குடித்த பருத்தி லேசில் உலராது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அப்புறம் பாதம் என்னாகும்?

மெரினோ ஆட்டின் கம்பளிதான் உண்மையான மாயாவி. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. வாங்கும்போதே கொஞ்சம் சூட்டையும் வெளியிடும்! ‘கம்பளி குத்துமே’ என்று பயப்பட வேண்டாம். குத்துவது முரட்டு இழையின் நுனி. மெரினோ இழை நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, தோலில் பட்டதும் வளைந்துவிடும். குதிகாலில் சீக்கிரம் தேயும் என்பது ஒன்றுதான் குறை. அதனால் நைலான் கொஞ்சம் கலந்ததையே வாங்குங்கள், ‘நூறு சதவீதம்’ என்ற லேபிளுக்கு மயங்காதீர்கள்.

(இன்னொரு வேடிக்கை: பந்தய வீரர்களின் சாக்ஸ் உயரத்துக்கும் சட்டம் உண்டு. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் பாதி தூரம் வரைதான். உலக சைக்கிள் சங்கத்தார் அளந்தே பார்க்கிறார்கள்!)

பாதம் குளிர்ந்தால் தொப்பியைத் தேடுங்கள் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் தலைவழியாகவும் சூடு போய் உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்ததும் இதயத்தையும் ஈரலையும் காப்பாற்ற, மூளை முதலில் வெட்டுவது கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான். எப்பேர்ப்பட்ட சாக்ஸும் தானாகச் சூடு தராது, ரத்தம் கொண்டுவரும் சூட்டைத்தான் பிடித்து வைக்கும்.

இதற்குச் சாட்சி: 1988 ஜூன் 5, இத்தாலியின் காவியா கணவாய். 2,600 மீட்டருக்கு மேலே, ‘ஜிரோ’ என்ற இத்தாலிய சைக்கிள் பந்தயத்தின் நடுவில் பனி கொட்டுகிறது! அமெரிக்கர் ஆண்டி ஹாம்ஸ்டனின் அணியினர் முன்கூட்டியே பனிச்சறுக்குக் கடையில் கையுறைகளும் குல்லாக்களும் வாங்கி வைத்திருந்தார்கள். அன்று, மொத்தப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் தலைவர் சட்டையைப் பிடித்த அவர், அந்த ஜிரோ பந்தயத்தையே வென்றார். உச்சியை முதலில் தொட்டவர் டச்சு வீரர் யோஹான் வான் டெர் வெல்டே. அரைக்கைச் சட்டையோடு ஏறியவர் இறக்கத்தில் விறைத்துப்போய், முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி வந்து சேர்ந்தார்.