உங்களுக்குத் தெரியுமா? ஜாக்கியில் நசுங்கும் புகையிலை!

முழுப் புகையிலையை வாங்கிவந்து, வீட்டிலேயே அழுத்தி, பைப்பில் இட்டுப் பிடிக்கும் புகையிலைக் கட்டி தயாரிக்கிறவர்கள் அமெரிக்காவில் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் கருவி எது தெரியுமா? கார் டயர் மாற்றும் ஜாக்கி!

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் ஓர் அச்சுப்பெட்டி. அதன் மேல் 2 டன் ஜாக்கி. இலையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறும் பாரம் 10 கிலோ!

விதையைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். கண்ணுக்குத் தூசியாகத்தான் தெரியும். ஒரே ஒரு கிராமில் 10,000 விதைகளுக்கும் மேல்!

பச்சை இலையில் 80 முதல் 90 சதவீதம் வெறும் தண்ணீர். 10 கிலோ பறித்துக் காயவைத்தால் மிஞ்சுவது ஒன்றிரண்டு கிலோதான். நடுநரம்பை உருவி எறிந்தால் அதிலும் ஏறக்குறைய கால் பங்கு போச்சு!

பறித்த இலை உடனே சாவதில்லை. கொட்டகையில் தொங்கியபடியே நாள்கணக்கில் சுவாசிக்கிறது. தன்னிடம் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையையும் தானே தின்று தீர்க்கிறது!

அதனால்தான் வாரக்கணக்கில் காற்றில் ஆறிய பர்லி ரகத்தில் சர்க்கரை கிட்டத்தட்ட பூஜ்யம். சூடேற்றிய கொட்டகையில் ஒரே வாரத்தில் காய்ந்த வர்ஜீனியா ரகத்திலோ அது 20 சதவீதத்தையே தொடும்!

நிகோடின் உருவாவது இலையில் அல்ல, வேரில்! தக்காளி வேர்மேல் புகையிலைச் செடியை ஒட்டுக்கட்டுங்கள். இலை புகையிலை இலைதான். ஆனால் நிகோடின்? தேடினாலும் கிடைப்பது அரிது! புகையிலை வேர்மேல் தக்காளியை ஒட்டினால் தக்காளி இலையில் நிகோடின் ஏறிவிடும்!

காய்ந்த இலையைத் தொட்டால் பொடிப்பொடியாகும். லேசாகத் தண்ணீர் தெளித்து ஓர் இரவு மூடிவைத்தால் போதும். காலையில் மடக்கினாலும் சுருட்டினாலும் கிழியாது! இந்தப் பதம் வந்த பிறகுதான் அச்சுப்பெட்டிக்குள் அடுக்குவார்கள்.

ஈரம் கொஞ்சம் கூடினால் பூசணம். கொஞ்சம் குறைந்தால் கட்டியே சேராது. ஒட்டுவதற்குப் பசை எதுவும் வேண்டாம். இலையின் சொந்தப் பிசினே போதும்!

சில வாரம் அழுத்தத்தில் கிடந்த கட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள். மைசூர்பாகு வெட்டுவதுபோல் வில்லை வில்லையாக வெட்டலாம்! வெட்டிய முகத்தில் மஞ்சள், செம்பழுப்பு, கறுப்பு என்று இலையின் அடுக்குகள் கோடுகோடாக ஓடும். ஒரு வில்லையின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்!

அழுத்தத்தின் உச்சம் எங்கே? அமெரிக்காவின் லூசியானாவில், செயின்ட் ஜேம்ஸ் பகுதியில்! அங்கே விளையும் பெரீக் புகையிலையை விஸ்கிப் பீப்பாய்க்குள் திணித்துத் திருகு ஜாக்கியால் நெருக்குகிறார்கள். தன் சாற்றிலேயே ஊறிப் புளித்துக் கறுக்கும் அந்த இலை வெளியே வர ஓராண்டு ஆகிறது!

அதுவரை சும்மா கிடக்குமா? கிடக்காது! நடுநடுவே பீப்பாயைத் திறந்து, இலையைக் காற்றாட விட்டு, மறுபடி திணித்து, மறுபடி நெருக்குவார்கள். குறைந்தது மூன்று முறை!

இந்த வித்தையை 1824-ல் வியாபாரமாக்கியவர் பியர் ஷெனே என்ற விவசாயி. அவருக்கு வழிகாட்டியவர்கள்? இலையை அழுத்திப் பதப்படுத்திவந்த சோக்டா, சிக்கசா பழங்குடிகள்!

ஜாக்கி இல்லாத காலத்திலும் அழுத்தம் உண்டு. அன்றைய கடற்படை மாலுமிகள் இலையில் ரம் தெளித்துச் சுருட்டி, கித்தான் துணியில் பொதிந்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். நாளாக நாளாகக் கல்போல் இறுகும். வேண்டும்போது கத்தியால் சீவிக்கொள்வார்கள்!

பொன்மஞ்சள் வர்ஜீனியா பிறந்ததே ஒரு தூக்கத்தில்! 1839, வட கரோலினா. கொட்டகையில் நெருப்பைக் காத்துக்கொண்டிருந்த ஸ்டீபன் என்ற அடிமைத் தொழிலாளி கண்ணயர்ந்தார் என்பார்கள். அணையப்போன நெருப்பில் அவசரமாகக் கரியை அள்ளிப்போட்டார். சுள்ளென்று ஏறிய சூட்டில் இலை மஞ்சளாக மின்னியது!

வெள்ளை பர்லி இன்னொரு அதிசயம். 1864-ல் ஒஹையோவில் ஒரு நாற்றங்கால் முழுக்க வெளிறிய கன்றுகள். சோகை பிடித்ததாகத் தெரிந்த அந்தச் செடியில் இரண்டே ஆண்டில் 20,000 பவுண்டு அறுவடை!

இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் சாமுவேல் கேவித் என்ற பெயரில் இன்னும் புகையிலையை அழுத்தி வில்லை போடுகிறார்கள். அந்தத் தொழிலின் தொடக்க ஆண்டு 1792!

நம் பக்கமும் சளைத்ததல்ல. யாழ்ப்பாணத்தில் புகையிலையைப் பாடம் போடத் தேங்காய் மட்டைப் புகை! திருச்சிச் சுருட்டோ ஷெர்லக் ஹோம்ஸ் கதைக்குள்ளேயே புகுந்துவிட்டது. 1887-ல் வெளிவந்த முதல் நாவலிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்துத் திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார் துப்பறிவாளர்!

புகைக்கவே வேண்டாம், தொட்டாலே தலை சுற்றும்! மழையில் நனைந்த பச்சை இலையை வெறுங்கையால் பறிக்கிறவர்களுக்கு நிகோடின் தோல்வழியே ஏறிக் குமட்டலும் வாந்தியும் வரும். பைப் புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் தப்ப முடியாது. வாயின் உள்தோலே நிகோடினை உறிஞ்சிவிடும், வாய்ப்புற்று அபாயமும் கூடவே வரும். உலகெங்கும் ஆண்டுதோறும் புகையிலை பறிக்கும் உயிர்கள் 70 லட்சத்துக்கும் மேல்!

புகையிலையை அடியோடு வெறுத்தவர் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ். 1604-ல் அதைத் திட்டித் தானே ஒரு நூல் எழுதினார். அதோடு விட்டாரா? பவுண்டுக்கு 2 பென்ஸாக இருந்த வரியை 6 ஷில்லிங் 10 பென்ஸ் ஆக்கினார். ஒரே தாவலில் 41 மடங்கு!

1619-ல் இங்கிலாந்து மண்ணில் புகையிலை பயிரிடவே தடை போட்டார். வின்ச்கோம் ஊர் விவசாயிகள் மசியவில்லை. பயிரை அழிக்கக் குதிரை வீரர்கள் வந்தபோதும் எதிர்த்து நின்றார்கள். அந்தத் தடை நீங்கியது 1910-ல். கொல்லையில் ஒரு செடி நட்டு, இலை பறித்து, அழுத்தி, வில்லை போட ஓர் ஆங்கிலேயர் காத்திருந்த காலம் 291 ஆண்டுகள்!