மருந்து தெளிக்கும் ட்ரோன் கூட்டமும் அதற்கு வேண்டிய காப்பும்

ரெட்டியார்பாளையம் இப்போது வீடுகள் நெருங்கிய இடமாகிவிட்டது. ஆயினும் அஃது அடங்கிய நகராட்சிக்கு உழவர்கரை என்பதே பெயர். மேற்கே வில்லியனூர்ப் பக்கம் நெல்வயல்கள் இன்னும் உள. பத்து லிட்டர் மருந்து கொள்ளும் ட்ரோன் என்னும் பறக்கும் யந்திரம் ஓர் ஏக்கரைச் சில நிமிஷங்களில் தெளித்து முடிக்கும். அமெரிக்க விமான இலாகா 2024-ஆம் ஆண்டில், ஒருவரே மூன்று தெளிப்பு ட்ரோன்களை ஒருங்கே செலுத்த ஒரு கம்பெனிக்கு அனுமதி அளித்தது. இம்முறை இங்கு வருமுன் அதன் அபாயத்தை நம் குடியானவர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஊசுட்டேரியில் பறவைக் கூட்டம் எழும்புவதைக் கண்டிருப்பீர்கள். அதற்குத் தலைவன் இல்லை. அண்டைப் பறவையை இடியாமலும், அது செல்லும் திசையிலேயே, கூட்டத்தைப் பிரியாமலும் பறப்பதே போதும் என்று ரெனால்ட்ஸ் என்பவர் 1987-இல் கணிப்பொறியில் காட்டினார். யந்திரக் கூட்டமும் ஏறக்குறைய இவ்வாறே இயங்கும். ஆனால் ஒன்றுக்கொன்று கம்பியில்லாச் செய்தியால் தன் இடத்தைத் தெரிவித்துக்கொள்ளும். பொய்ச்செய்தி புகுவது இவ்விடத்தில்தான். 2012-இல் டெக்ஸாஸ் சர்வகலாசாலையார், வான்கோளின் ஒலிபரப்பைப் போன்ற போலிக் குறிகளை அனுப்பி, ஒரு சிறு ஹெலிகாப்டர் ட்ரோனை அதன் இடத்தைத் தவறாக உணரச் செய்தனர். அத்தகைய யந்திரம் தான் அறியாமலே தோழர்களுக்கும் பொய் சொல்லும்.

பெரும்பான்மையை நம்பலாமே எனின், கணக்கு இடங்கொடாது. பொய்யுரைப்பது ஒன்றாயின் மெய்யுரைப்பவை மூன்றேனும் வேண்டும் என்பதை லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் ஆகிய மூவர் 1982-இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. எனவே மூன்று ட்ரோன்களில் ஒன்று பிசகினால் மற்ற இரண்டும் திகைக்கும். பிறர் மாற்ற முடியாத முத்திரையைச் செய்திக்கு இட்டால் இந்த நிபந்தனை தளரும். ஆயினும் ஏமாந்த யந்திரம் தன் முத்திரையுடனேயே தவறான இடத்தைச் சொல்லுமாதலால், அண்டையிலுள்ளதைத் தன் கண்கொண்டும் ஒவ்வொன்றும் சரிபார்க்க வேண்டும்.

பகைவன் இல்லாமலும் கேடு வரும். 2024 டிசம்பரில் ஆர்லாண்டோ நகர வேடிக்கையில் ட்ரோன்கள் விழுந்து ஒரு சிறுவன் காயமுற்றான். அமைப்பின் திசைப் பிசகும் கட்டளைக் கோப்பின் தவறுமே விசாரணையில் தெரிந்தவை. அங்கு விழுந்தவை விளக்குகளே. இங்கு விழுவது விஷம். குளத்திலோ மாட்டுத் தீவனத்திலோ விழுந்தால் என்னாகும்?

இலாஸ்பேட்டை விமான நிலையம் ரெட்டியார்பாளையத்திற்கு எட்டுக் கிலோமீட்டருக்குள் இருப்பதால், 2021-ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளின்படி இங்கு அனுமதியின்றி எதையும் பறக்கவிடலாகாது. பதிவெண்ணும் செலுத்துவோரின் சான்றிதழும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தொடர்பு அறுந்தால் மருந்துக்குழாய் உடனே அடைபடுகிறதா, ட்ரோன் தானே இறங்குகிறதா என்பதை, ஆட்களும் கால்நடைகளும் இல்லாத வெளியில், முதலில் வெறும் தண்ணீரை நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். தயங்குவாராயின் வழக்கப்படி கைத்தெளிப்பானைக்கொண்டே தெளித்துக்கொள்ளலாம்.