ஞமலியும் குருளையும்

ஒரு சொல் இன்ன நாட்டு வழக்கு என்று இலக்கண உரை கூறுமாயின், அச்சொல் அந்நாட்டிலேயே பிறந்தது என்று கொள்ளலாமோ? நாயைக் குறிக்கும் சொற்கள் சிலவற்றைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

வைகையின் வடகரையிலுள்ள செல்லூரில், நெசவாளர் தெருக்களில் ஓடித்திரியும் சிறு நாயை நாய்க்குட்டி என்றே அழைப்பர். தொல்காப்பியர் மரபியலில் நாயின் இளமைப் பெயராகக் குருளையை முதற்கண் கூறி, குட்டி, பறழ் என்பனவற்றையும் விலக்காது விட்டார். இன்றோ, விலக்கப்படாத குட்டி தெருவெல்லாம் நிறைந்தது. முதற்கண் கூறப்பட்ட குருளை ஏட்டில் ஒதுங்கிற்று. புலவர் வகுத்த வரிசையிலேயே சொற்கள் வாழ்வதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இனி, ஞமலியைக் காண்போம். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலுக்கு உரை கண்டோர், திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுங்கால், பூழிநாட்டார் நாயை ஞமலி என்பர் என்றனர். பூழிநாடு கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டனுள் ஒன்று. சேரர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. புறநானூற்று 74ஆம் பாட்டில் இச்சொல்லை ஆண்டவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. இம்மட்டில் உரையும் பாட்டும் ஒத்துச் செல்கின்றன.

ஆயின், பட்டினப்பாலையை நோக்குமின். கடியலூர் உருத்திரங்கண்ணனார் சோழரது காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுங்கால், பண்டங்கள் குவிந்த முன்றிலில் ஆட்டுக்கடாக்களோடு துள்ளும் ஆண்நாய்களையும் ஞமலி என்றே சொல்கின்றார். எனவே, சங்க காலத்தில் இச்சொல் மேற்கடற்கும் கீழ்க்கடற்கும் பொதுவாய் நின்றது என்க. பிற்காலத்தே ஏனைய நாடுகளில் வழக்கிழந்து, பூழிநாட்டில் மட்டும் எஞ்சியதனாலேயே அது திசைச்சொல் எனப் பெயர் பெற்றது போலும். மேற்றிசை மொழி பழமையைப் போற்றுதற்குப் பிறிதொரு சான்றும் உண்டு: நம் நூல்களிற் காணும் ஞண்டு இன்று நமக்கு நண்டாயிற்று, மலையாளத்தாரோ ஞண்டு என்றே வழங்குகின்றனர்.

ஆகவே, திசைச்சொல் என்பது சிதைந்த சொல் அன்று. பல இடங்களில் அது எஞ்சிய சொல். மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர், பாட்டியர் வாய்ச்சொற்களைக் கொச்சையென நாணி, வகுப்பின் வாயிலிலேயே விட்டு விடுகின்றனர். அவற்றுள் எத்தனை ஞமலிகள் உளவோ! நாம் நாணி விடுத்த சொல்லை நம் பின்னோர் அகராதியில் தேடும் நிலை வாராதிருக்க, அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்பேட்டைக் கையிற் கொண்டு செல்வாராக.