உஷார்! வீட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்களா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டை விற்க நினைக்கிறீர்களா? அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு இதை ஒருமுறை படித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வரப்போகும் முதல் பார்ட்டி நீங்கள் சொன்ன விலையில் கால்வாசியை வெட்டிக் கேட்பார். அந்த நிமிடம் உங்களுக்குப் படபடப்பு வரும்.

அந்தப் படபடப்பில் வாயைத் திறக்காதீர்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. பெயர் வேண்டாம். அம்பத்தூரில் அரை கிரவுண்டில் சொந்த வீடு. கணவர் எஸ்டேட் கம்பெனியில் ஷிப்ட் பார்த்து, சீட்டுப் போட்டு, மனைவி பெயரில் கட்டிய வீடு. அவர் காலமாகி இரண்டு வருடம். மகளுக்குப் பணத்தேவை வந்தது. விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தார். 95 லட்சம் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரோக்கர் ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "68-க்கு மேல ஏறாதும்மா. வீடு பழசு. வெள்ளத்துல இந்தத் தெருவுல தண்ணி நின்னுச்சே, மறந்துட்டீங்களா?" என்றார். புரோக்கர் காதோரமாக வந்து, "அக்கா, ரெடி கேஷ் பார்ட்டி. இன்னிக்கு விட்டா திரும்ப வரமாட்டாரு" என்றார். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் தண்ணீர் நின்றதை யாரால் மறுக்க முடியும்? அந்த அம்மா பயந்துபோனார். 70 லட்சத்துக்குத் தலையாட்டினார். அன்றைக்கே ஒரு லட்சம் ரொக்கமாக டோக்கன். அடுத்த வாரம் இன்னும் ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு, பதினோரு மாதத்துக்கு கிரய ஒப்பந்தம் பதிவு செய்து கொடுத்துவிட்டார்.

ஐந்தாவது மாதம் ஒரு கணவன் மனைவி வாசலில் வந்து நின்றார்கள். "வீட்டைப் பார்க்கலாமாம்மா? ஒரு கோடின்னு சொன்னாங்க."

யார் சொன்னது? அட்வான்ஸ் கொடுத்தவர்தான்!

அவர் குடியிருக்க வாங்கவில்லை. ஆறு லட்சத்தைப் போட்டு வீட்டைக் கட்டிப்போட்டுவிட்டு, மேல் விலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். பதினோரு மாதம் முடிந்தது. ஆள் கிடைக்கவில்லை. இன்னும் ஆறு மாதம் டைம் கேட்டார். முடியாது என்றதும், "கோர்ட்டுல பார்த்துக்கலாம்மா" என்றார். இதற்கிடையில் 90 லட்சம் கொடுக்கத் தயாராக ஒரு குடும்பம் வந்தது. வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள். ஒப்பந்தம் அதில் பளிச்சென்று இருந்தது. போய்விட்டார்கள். கடைசியில் வாங்கிய ஆறு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்து, மேலே நான்கு லட்சமும் வைத்த பிறகுதான் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்தது.

அவர் 68 கேட்டாரே, அது தப்பில்லை. குறைத்துக் கேட்பது வாங்குகிறவர் உரிமை. அவருக்கும் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 95 லட்சம் பத்திரம் என்றால் 8,55,000 ரூபாய் அவர் கையிலிருந்து தனியாகப் போகிறது. இது தெரியாமல் கோபப்பட்டு நஷ்டப்பட்டவர்களும் உண்டு. ஆவடியில் ஒரு பெரியவர், பத்து லட்சம் குறைத்துக் கேட்ட குடும்பத்தை "வெளியே போங்க" என்று அனுப்பிவிட்டார். அவர்கள் கையில் வங்கிக் கடன் அனுமதிக் கடிதமே இருந்தது. அந்த வீடு இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது.

அதனால் விலையைக் கேட்டுப் பதறாதீர்கள். விலையோடு ஒட்டிக்கொண்டு வரும் நிபந்தனையைப் பாருங்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

"இன்னிக்கே டோக்கன் வாங்கிக்கோங்க" என்கிறார்களா? உஷார். பதினோரு மாதம் டைம் கேட்கிறார்களா? ரொம்ப உஷார். வங்கிக் கடனில் வாங்குபவருக்குக்கூட மூன்று மாதம் தாராளம். ஒப்பந்தத்தோடு சேர்த்து "ஒரு பவர் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க, உங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றால் எழுந்து உள்ளே போய்விடுங்கள். பவர் வாங்கியவர் உங்கள் சார்பில் வேறொருவருக்குக் கிரயம் பண்ணலாம். "லீகல் பார்க்கணும், ஒரிஜினல் கொடுங்க" என்றால் ஜெராக்ஸ் மட்டும்தான். வாங்குபவர் பெயரை எழுதாமல் "அவரோ அவர் சொல்லும் நபரோ" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வந்தால், அவர் வீடு வாங்க வரவில்லை, கைமாற்றிவிட வந்திருக்கிறார்.

தேதி தாண்டினால் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடும் என்று நினைக்கிறீர்களா? சாகாது! கிரயத்தை முடித்துத் தரச் சொல்லி வழக்குப் போட, குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது.

ரொக்கப் பணம் இன்னொரு பொறி. வீடு விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். ஒரு லட்சம் டோக்கன், ஒரு லட்சம் அபராதம். மாட்டிக்கொள்வது வாங்கிக்கொண்ட நீங்கள்! செக், டிடி, வங்கிக் கணக்குக்கு நேராக, இவைதான் வழி.

விலையை ரொம்பவும் இறக்கினாலும் வரி விடாது. மனையின் வழிகாட்டி மதிப்பும் கட்டட மதிப்பும் சேர்ந்து 80 லட்சம் வரும் வீட்டை 70 லட்சத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் விற்ற விலையில் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நீங்கள் 80 லட்சத்துக்கு விற்றதாக வைத்துத்தான் லாபத்துக்கு வரி போடுவார்கள். கைக்கு வராத பணத்துக்கு வரி! பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பைக் காசில்லாமல் பார்க்கலாம். பேரம் தொடங்கும் முன்னே பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது ஏன் இவ்வளவு பேர் இந்தப் பக்கம் சுற்றுகிறார்கள், யோசித்தீர்களா? கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை மெட்ரோ வழித்தடம். 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே ஓட்டுநர் இல்லாத ரயிலை ஓட்டியே பார்த்துவிட்டார்கள். பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பார்க் திறந்தாயிற்று. முப்பது வருடமாக அதே வீட்டில் இருக்கும் நமக்கு நாம் வாங்கிய விலைதான் மனதில் நிற்கிறது. வருகிறவருக்கு நாளை என்ன விலை போகும் என்பது தெரிந்திருக்கிறது. மெட்ரோ ஸ்டேஷன் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் உங்கள் தெருவுக்கு அந்த விலை வராது, அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எந்த விலை வரும் என்பதைப் புரோக்கர் வாயால் தெரிந்துகொள்ளாதீர்கள். அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்றவர்களை நேரில் போய்க் கேளுங்கள்.

சரி, 95 சொன்னீர்கள், 68 என்கிறார். என்ன பதில் சொல்வது? "வீட்டுல பேசிட்டு ரெண்டு நாள்ல சொல்றேங்க." இவ்வளவுதான். சிரித்த முகத்தோடு காபி கொடுத்து அனுப்புங்கள். இதற்குக் கீழே போகமாட்டேன் என்கிற தொகையை முதலிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்து வையுங்கள். அந்தத் தொகை புரோக்கருக்குத் தெரியவே கூடாது. ஏன் விற்கிறீர்கள் என்பதும் தெரியக் கூடாது. மகளுக்குப் பணம் வேண்டும் என்று அந்த அம்மா வெகுளியாகச் சொன்ன அன்றே பேரம் கைவிட்டுப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து நீங்களே போன் செய்யுங்கள். 68-க்கும் 95-க்கும் நடுவில் பாதியாகப் பிரிக்காதீர்கள், அதைத்தான் அவர் எதிர்பார்த்து 68-ல் தொடங்கியிருப்பார். 92 என்று சொல்லுங்கள். கூடவே கேளுங்கள்: வங்கிக் கடனா, சொந்தப் பணமா? எத்தனை நாளில் கிரயம்? முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டுவாரா? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லி, 45 நாளில் முடிக்கிறேன் என்று ஒருவர் 86 கொடுத்தால், பதினோரு மாதம் இழுக்கும் 95-ஐ விட அதுவே மேல் என்பேன். ஒப்பந்தம் போடும் முன் உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வாங்குபவர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்!

இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். பீரோவைத் திறந்து மூலப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது அசல்தானா? போன மாதம் "சும்மா பார்த்துட்டுத் தரேன்" என்று யாராவது வாங்கிப் போயிருக்கிறார்களா?