எண்ட் ஆஃப் தி ஸ்பியர் (திரைப்படம்)

எண்ட் ஆஃப் தி ஸ்பியர் என்பது 2005 ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட ஓர் அமெரிக்கத் திரைப்படமாகும். 'ஈட்டியின் முனை' என்பது இத்தலைப்பின் பொருள். ஜிம் ஹானன் இயக்கிய இப்படம், ஈக்வடோர் நாட்டின் அமேசான் காடுகளில் 1956 இல் கொல்லப்பட்ட ஐந்து கிறித்தவ மறைபரப்புநர்களின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. கொலையுண்டவரின் மகனுக்கும் கொன்றவருக்கும் இடையே ஏற்பட்ட உறவே படத்தின் மையக்கரு.

வரலாற்றுப் பின்னணி

வாவோரானி மக்கள் கிழக்கு ஈக்வடோரின் பழங்குடியினர். அயலார் இவர்களை 'ஔக்கா' என்று அழைத்தனர். கெச்சுவா மொழியில் இதற்குக் 'காட்டுமிராண்டி' என்பது பொருள். எனவே இப்பெயரை அவர்கள் விரும்புவதில்லை. வெளியாரின் ஊடுருவலாலும் தமக்குள் நிலவிய பழிவாங்கலாலும் இவர்கள் பெரிதும் அழிந்தனர். முந்தைய தலைமுறைகளில் நிகழ்ந்த இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை கொலைகளே என மானிடவியலாளர்களான ரோபார்செக் தம்பதியர் பதிவு செய்துள்ளனர்.

ஜிம் எலியட், நேட் செயின்ட், எட் மெக்கலி, பீட் பிளெமிங், ராஜர் யூடேரியன் ஆகிய ஐவரும் 1955 இல் சிறு வானூர்தியிலிருந்து கயிற்றில் கட்டிப் பரிசுப் பொருள்களை இறக்கி நட்பு நாடினர். 1956 சனவரியில் குராராய் ஆற்று மணல் திட்டில் தரையிறங்கினர். சனவரி 8 அன்று ஐவரும் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. ஆயினும் வாவோரானிகளைக் கொல்வதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தனர். தம்முள் எழுந்த பூசலைத் திசைதிருப்ப ஒருவர் சொன்ன பொய்யே தாக்குதலுக்குத் தூண்டுதலாக இருந்தது என வாவோரானிகள் பிற்காலத்தில் கூறினர்.

1958 இல் எலியட்டின் மனைவி எலிசபெத்தும் நேட்டின் தமக்கை ரேச்சலும், தப்பி வெளியே வந்திருந்த தயுமா என்ற வாவோரானிப் பெண்ணின் துணையுடன் அம்மக்களிடையே சென்று வாழத் தொடங்கினர். அதன்பின் ஈட்டிக் கொலைகள் படிப்படியாகக் குறைந்தன.

கதையும் தயாரிப்பும்

நேட்டின் மகன் ஸ்டீவ், தந்தை இறந்தபோது சிறுவன். அத்தை ரேச்சலின் மறைவுக்குப் பின் காட்டுக்குத் திரும்பும் அவரிடம், மின்காயானி தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஈட்டியைக் கையில் கொடுத்துத் தன்னைக் கொல்லச் சொல்கிறார். ஸ்டீவ் மறுத்துவிடுகிறார். மின்காயானி, மின்காயே என்ற உண்மை மனிதரைத் தழுவிய பாத்திரம். மின்காயே, ஸ்டீவின் குடும்பத்தில் ஒருவராகவே மதிக்கப்பட்டார். 2020 இல் காலமானார்.

சாட் ஆலன் தந்தை, மகன் ஆகிய இரு வேடங்களிலும், லூயி லியோனார்டோ மின்காயானியாகவும் நடித்தனர். படப்பிடிப்பு பனாமாவில் நடந்தது. அங்குள்ள எம்பேரா பழங்குடியினர் வாவோரானிகளாக நடித்தனர்.

திறனாய்வு

மன்னிப்பை உணர்வுபூர்வமாகக் காட்டும் இப்படம், அதன் பின் நடந்தவற்றை ஆழமாகப் பேசுவதில்லை. 1960களின் பிற்பகுதியில் வாவோரானிகள் பலர் ஒரே குடியிருப்புப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற நிலங்கள் எண்ணெய் நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 1969 இல் அக்குடியிருப்பில் இளம்பிள்ளை வாதம் பரவிப் பலர் மாண்டனர். மறைபரப்புநர்கள் இதற்கு எவ்வளவு பொறுப்பு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தனிமனித மன்னிப்பு ஒன்று, ஒரு மக்களின் நில உரிமை வேறொன்று. பின்னதற்கான போராட்டம் இன்றும் தொடர்கிறது: 2019 இல் தம் நிலத்தை எண்ணெய் ஏலத்திற்கு விடுவதற்கு எதிராக பாசுட்டாசா மாநில வாவோரானிகள் நீதிமன்றத்தில் வெற்றி பெற்றனர்.