பூமணியின் 'வெக்கை' நாவலில் பாசப்பிணைப்பும் சிறார் வன்செயலும்

முன்னுரை

சிறாரின் வன்செயலுக்குக் காரணம் தேடும் உளவியல், அவர்தம் தொடக்ககால உறவுகளை முதலில் ஆராய்கிறது. பாதுகாப்பான பாசப்பிணைப்பைப் பெறாத குழந்தைக்குச் சினத்தை அடக்குவதும் பிறரோடு இணங்குவதும் கடினம் என்பது பரவலான கருத்து. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஆண்டிப்பட்டியில் பிறந்த பூமணியின் 'வெக்கை' (1982), இக்கருத்துக்குள் அடங்காத ஒரு சிறுவனைக் காட்டுகிறது. அவனது செயலின் வேரை இக்கட்டுரை விளக்குகிறது.

பிணைப்பும் சினமும்

பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற நிலவுடைமையாளன் வடக்கூரானை வெட்டுகிறான். கையை மட்டும் துண்டிப்பதே அவன் எண்ணம், உயிரே போய்விடுகிறது. அதன்பின் தந்தையும் மகனும் கரிசல் காடுகளிலும் மலையிலும் மறைந்து திரிகின்றனர். தந்தை மகனைக் கைவிடுவதில்லை. உடனிருந்து காக்கிறார், தம் கடந்தகாலத்தை அவனிடம் மனம்விட்டுப் பேசுகிறார். அன்பு கிடைக்காமல் வளர்ந்த பிள்ளையாகச் சிதம்பரத்தைக் கருத இடமில்லை.

பாசப்பிணைப்புக் கோட்பாட்டை வகுத்த ஜான் பௌல்பி, 1973இல் வெளியிட்ட நூலில், பிரிவு அச்சத்தோடு சினத்தையும் தோற்றுவிக்கிறது என்றார். மீட்கக்கூடிய பிரிவில் அச்சினம் உறவைக் காக்க உதவும். மீளாத இழப்பில் அதற்குப் போக்கிடமில்லை. சிதம்பரத்தின் சினம் இவ்விரண்டாம் வகையினது. பிணைப்பு வலுவாக இருந்ததாலேயே இழப்பும் கடுமையாயிற்று.

சமூகத்திறன்

வன்செயலில் ஈடுபடும் சிறார் சிலர், தெளிவற்ற செயல்களிலும் பிறரது பகைமையையே காண்கின்றனர் என்பதைக் கென்னத் டாட்ஜின் ஆய்வுகள் காட்டின. இது சமூகக் குறிப்புகளை உணரும் திறனில் நேரும் பிழை. சிதம்பரத்திடம் அப்பிழை இல்லை. நிலத்துக்காக நடந்த கொலையின் நோக்கத்தில் ஐயத்துக்கு இடமில்லை; அவன் உள்ளதை உள்ளபடியே உணர்ந்தான். யாரை நம்பலாம், யாரிடம் ஒளிய வேண்டும் என்பதையும் அறிந்திருந்தான். திறன் இருந்தது, அதைச் செலுத்த நீதியின் வழி திறந்திருக்கவில்லை. நாவலின் இறுதியில் தந்தையும் மகனும் நீதிமன்றத்தில் சரணடையச் செல்வது இதனால் பொருள் செறிந்ததாகிறது.

முடிவுரை

ஒரு புனைவு உளவியல் கோட்பாட்டை மறுக்கும் சான்றாகாது. ஆனால் கோட்பாட்டைப் பொருத்தும் முறையைத் திருத்தவல்லது. சிறாரின் வன்செயலைக் காணும்போது அவரிடம் எது குறைவு என்று மட்டும் கேட்பது, குறையைக் குடும்பத்தின்மேல் ஏற்றிவிடுகிறது. அவரிடமிருந்து எது பறிக்கப்பட்டது, அதை முறையிட இடம் இருந்ததா என்ற வினாக்களும் உடன் எழ வேண்டும் என்பதையே 'வெக்கை' உணர்த்துகிறது.