கோட்டுக்கு அந்தப் பக்கம் – 9: அரை நொடிப் பிடி

தாக்கும் அணியின் லைன்மேன் எதிராளியைப் பிடித்து நிறுத்தினால் 10 யார்டு தண்டனை என்று சென்ற வாரம் பார்த்தோம். 1974 வரை அது 15 யார்டாக இருந்தது. இந்த வாரம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போவோம். தடுக்கும் அணியின் லைன்மேன் அதே காரியத்தைச் செய்தால்?

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். விதிப்படி 5 யார்டுதான். ஆனால் கூடவே தாக்கும் அணிக்கு ஒரு ஃபர்ஸ்ட் டவுன் தானாகவே கிடைத்துவிடும். 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு என்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு. மூன்றாவது வாய்ப்பிலும் இன்னும் 12 யார்டு பாக்கி என்று திண்டாடிக்கொண்டிருக்கும் அணிக்கு, இந்தக் குற்றத்துக்கு நடுவரின் கொடி விழுந்தால் மறுபடி முதலிலிருந்து நான்கு வாய்ப்பு. 5 யார்டெல்லாம் பெயருக்குத்தான். வலிப்பது அந்த ஃபர்ஸ்ட் டவுன்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பிடிக்கிறார்கள்? பந்தை ஏந்தி ஓடும் ஆட்டத்தில் களத்தின் நடுவே என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். டிஃபென்சிவ் டேக்கிளைப் பெரும்பாலும் ஒருவர் சமாளிக்க முடியாது. தாக்கும் அணியின் கார்டும் சென்டரும் தோளோடு தோள் சேர்ந்து அவரை இடிப்பார்கள். அவர் ஓரடி பின்வாங்கியதும், இருவரில் ஒருவர் கழன்று, பின்னால் நிற்கும் லைன்பேக்கரை மறிக்க ஓட வேண்டும். அந்தக் கழலும் கணத்தில்தான் திருட்டு நடக்கிறது. டேக்கிளின் கை கார்டின் அக்குளுக்குக் கீழே நுழைந்து, தோள்கவசத்தின் விளிம்பை ஜெர்சியோடு சேர்த்துக் கொத்தாகப் பற்றும். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டு நிற்பதாகவே தெரியும். அரை நொடியில் விரல்கள் தளர்ந்துவிடும். கார்டு விடுபட்டுக் கிளம்புவதற்குள் லைன்பேக்கர் ஓட்டக்காரரின் இடுப்பைக் கட்டியிருப்பார். மறுநாள் பத்திரிகையில் அவர் பெயர்தான் வரும்.

முன்வரிசைக்காரர்கள் லைன்பேக்கருக்கு வழிசெய்து கொடுப்பதில் தவறே இல்லை. 2000ஆம் ஆண்டின் பால்டிமோர் ரேவன்ஸ் அதை நேர்வழியில் எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று காட்டியது. டோனி சிராகுசா, சாம் ஆடம்ஸ் என்று ஆளுக்கு ஏறத்தாழ 150 கிலோ எடையில் இருவர் நடுவில் நின்றார்கள். அவர்களைச் சமாளிக்கவே ஆள் போதாமல் போனதால், பின்னால் நின்ற லைன்பேக்கர் ரே லூயிஸை அணுக ஆளில்லை. 16 ஆட்டங்களில் அந்த அணி விட்டுக்கொடுத்தது 165 புள்ளிகள் மட்டுமே. 2001 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸை 34-7 என்று வென்றது. ரே லூயிஸ் ஆட்ட நாயகன். உடல்வலு இவ்வளவு இல்லாதவர்களுக்குத்தான் ஜெர்சி கண்ணில் படுகிறது.

விதி தெளிவாகவே இருக்கிறது. தன்னை மறிக்க வருபவரைத் தள்ளலாம், பற்றி இழுத்து விலக்கிவிட்டுப் பந்தை நோக்கிப் போகலாம். பந்து இல்லாமல் வேறெங்கோ போக வேண்டியவரைப் போகவிடாமல் பிடித்துவைக்கக் கூடாது. ஃபீல்டு கோல் உதையின்போதும் இதே கதைதான். எதிர் லைன்மேனைப் பற்றிப் பக்கவாட்டில் இழுத்து, திறந்த இடைவெளியில் சக வீரரை நுழையவிட்டு உதையைத் தடுக்கப் பார்ப்பார்கள். அதுவும் ஹோல்டிங் எனப்படும் இதே குற்றம்தான். மாட்டிக்கொண்டால், உதைக்க வந்த அணி பந்தைத் தக்கவைத்துக்கொண்டு டச்டவுனுக்கே முயலலாம்.

ஆனாலும் இந்தக் குற்றத்துக்கு விழும் கொடிகளில் பெரும்பாலானவை, திறந்த வெளியில் ரிசீவரைப் பிடித்தவர்களுக்கே. நடுவில் நெரிசல், அங்கே கை தெரிவது கஷ்டம். முன்பு அம்பயர் தடுக்கும் அணியின் பக்கம், லைன்பேக்கர்களுக்கு அருகே நிற்பார். அடிபடும் அபாயம் அதிகம் என்று 2010இல் அவரைத் தாக்கும் அணியின் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள். அவர் பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, சரியான முடிவு. எங்கே நின்றாலும் அவர் கண் முதலில் தேடுவது தாக்கும் அணி லைன்மேன்களின் கைகளைத்தான்.

முன்வரிசைக்காரர் ஒருவரின் பிடி ஊரறியப் பிடிபட்டது 2002 பிப்ரவரி 3 அன்று, நியூ ஆர்லியன்ஸில். சூப்பர் பவுலின் கடைசிக் கால்பகுதி. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 17-3 என முன்னிலை. கோல் கோட்டிலிருந்து 3 யார்டில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ், கையில் கடைசி வாய்ப்பு. கர்ட் வார்னர் பந்தைத் தவறவிட, பேட்ரியட்ஸின் டெபக்கி ஜோன்ஸ் அதை அள்ளிக்கொண்டு 97 யார்டு ஓடினார். ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பின்னால் கொடி கிடந்தது. விளிம்பில் நின்ற வில்லி மெக்கினெஸ்ட், பந்து வாங்க ஓடிய மார்ஷல் ஃபாக்கைக் கட்டிப்பிடித்திருந்தார். ஃபாக் கிளம்பும்போதெல்லாம் இடித்துத் தாமதப்படுத்துவது அன்று பேட்ரியட்ஸின் திட்டம். இடித்தது சரி, கைகளால் வளைத்து நிறுத்தியது தவறு. டச்டவுன் ரத்து. ராம்ஸுக்குப் புதிய ஃபர்ஸ்ட் டவுன். சற்று நேரத்தில் வார்னரே ஓடிப் புள்ளி எடுத்தார். பிறகு இன்னொரு டச்டவுனும் சேர, முடிய ஒன்றரை நிமிடம் இருக்கையில் ஆட்டம் 17-17. கடைசி விநாடியில் ஆடம் வினாட்டியேரி 48 யார்டிலிருந்து உதைத்துப் பேட்ரியட்ஸைக் காப்பாற்றினார். அந்த உதை தவறியிருந்தால், ஒரு பிடியால் கோப்பையே போயிருக்கலாம்.

இந்தப் பிடியைச் சாமர்த்தியம் என்று புகழ்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கார்டு பிடித்தால் குற்றம், டேக்கிள் பிடித்தால் அனுபவமா? லைன்பேக்கரை எட்ட வேண்டிய அந்த மூன்றடிக்காகக் கார்டு எடுக்கும் பயிற்சி கொஞ்சநஞ்சமல்ல. சூப்பர் பவுலில் 97 யார்டு டச்டவுனையே ரத்துசெய்யத் துணிந்தவர்கள், சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒரு கார்டின் ஜெர்சிக்காகவும் கொடி வீச வேண்டும்.

(தொடரும்)